போர்டில் விலை ஏறாதபோதும் பெட்ரோல் செலவு ஏன் கூடுது? எத்தனால் கணக்கு இதுதான்!

2024 மார்ச் 15-ம் தேதி பெட்ரோல், டீசல் விலையை லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள். அதன்பிறகு 2025 வரை பங்க் போர்டில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. அந்தக் காலம் முழுவதும் புதுக்கோட்டையில் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனாலும், முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை வரை ஓடிய பெட்ரோல் இப்போது வியாழக்கிழமையே ரிசர்வுக்கு வந்துவிடுகிறது என்ற பேச்சு மெக்கானிக் கடைகளிலும் டீக்கடைகளிலும் ஓயவில்லை.

விலை ஏறாமல் செலவு மட்டும் எப்படிக் கூடும்? இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, பெட்ரோலுடன் கலந்து வரும் எத்தனாலில் இருக்கிறது. கீரமங்கலத்தில் விடியற்காலையில் பூ மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கும், விராலிமலை கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவருக்கும், ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை டவுனுக்கு தினமும் வந்துபோகிறவருக்கும் இது மாசச் சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் இந்த வாரம் எத்தனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

உங்கள் டேங்கில் இருப்பது என்ன?

எத்தனால் என்பது ஆல்கஹால்தான். தமிழில் எரிசாராயம் என்று சொல்வார்கள். கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸ், கரும்புச்சாறு, மக்காச்சோளம், உடைந்த அரிசி இவற்றையெல்லாம் புளிக்கவைத்துக் காய்ச்சி எடுக்கிறார்கள். இதை எரிபொருளில் கலப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1948-லேயே இந்தியாவில் 'பவர் ஆல்கஹால்' சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இப்போதைய திட்டம் 2003-ல் 5 சதவிகிதக் கலப்போடு தொடங்கியது. ஆனால், பத்து வருடம் கழித்தும் பெரிதாக நகரவில்லை. 2013-14-ல் நாடு முழுவதும் சராசரிக் கலப்பு 1.53 சதவிகிதம்தான். அதற்குப் பிறகு வேகமெடுத்தது. 2022 ஜூனில் 10 சதவிகிதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூருவில் 20 சதவிகிதம் கலந்த 'இ20' பெட்ரோலைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். முதலில் 2030-க்குள் எட்ட வேண்டும் என்று வைத்திருந்த 20 சதவிகித இலக்கை 2025-லேயே எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

அதாவது, நீங்கள் இன்று ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டால், அதில் 800 மில்லிதான் பெட்ரோல். மீதி 200 மில்லி எத்தனால். 'எனக்குக் கலக்காத பெட்ரோல் கொடுங்கள்' என்று சாதாரண பங்க்கில் கேட்டு வாங்க முடியாது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் ஒரு தேர்வாக வைக்க வேண்டும், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை பங்க்கில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

டீசல் வண்டிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். இந்தக் கலப்பு பெட்ரோலுக்கு மட்டும்தான்.

மைலேஜ் குறைவது நிஜமா?

நிஜம்தான். ஆனால், வாட்ஸ்அப்பில் வரும் அளவுக்கு இல்லை.

ஒரு லிட்டர் எத்தனாலை எரித்தால் கிடைக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே, கலப்பு கூடக்கூட லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி குறையும். 10 சதவிகிதக் கலப்பிலிருந்து 20 சதவிகிதத்துக்குப் போகும்போது இந்தக் குறைவு ஏறக்குறைய மூன்றரை சதவிகிதம். எத்தனாலுக்கு ஆக்டேன் அளவு அதிகம் என்பது அதன் நல்ல பக்கம். அதற்கு ஏற்ற மாதிரி இன்ஜினை அமைத்திருந்தால், இழந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடிக்கலாம். பழைய வண்டிகளில் அந்த வசதி இல்லை.

நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்கு ஏற்ப சரிசெய்யப்பட்ட கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவிகிதம், அதேபோன்ற டூவீலர்களில் 3 முதல் 4 சதவிகிதம் மைலேஜ் குறையும் என்றது அந்த அறிக்கை. இ20-க்கு ஏற்ப சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவிகிதம்தான். 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகம் கொடுத்த விளக்கமும் இதையொட்டியே இருந்தது. இ20-க்குத் தயாரான வண்டிகளில் 1 முதல் 2 சதவிகிதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவிகிதம் என்றது.

20, 30 சதவிகிதம் மைலேஜ் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அதற்கு எத்தனால் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டயரில் காற்று, அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தொய்ந்த செயின், தேய்ந்த கிளட்ச் இவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மாசத்துக்கு எவ்வளவு போகிறது?

சதவிகிதத்தில் சொன்னால் சின்னதாகத் தெரியும். ரூபாயில் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். போக, வர 40. மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக் என்றால் 20 லிட்டர் வேண்டும். செலவு 2,000 ரூபாய்.

* மைலேஜ் 3 சதவிகிதம் குறைந்தால்: மாதம் சுமார் 62 ரூபாய் கூடுதல்.
* 6 சதவிகிதம் குறைந்தால்: மாதம் சுமார் 128 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு 1,500 ரூபாயைத் தாண்டும்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பழைய கார், அதே 1,000 கிலோமீட்டர் ஓடினால் செலவு 6,667 ரூபாய். 6 சதவிகிதம் மைலேஜ் குறைந்தால் மாதம் சுமார் 425 ரூபாய் கூடுதல்.

128 ரூபாயில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். டவுனில் துணிக்கடையில், மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒருவருக்கு 1,500 ரூபாய் என்பது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவு. அதோடு, நம் ஊரில் பெரும்பாலானவர்கள் லிட்டர் கணக்கில் பெட்ரோல் போடுவதில்லை. 'நூறு ரூபாய்க்குப் போடுங்க, இருநூறு ரூபாய்க்குப் போடுங்க' என்பதுதான் வழக்கம். அதனால் இந்தக் கூடுதல் செலவு எந்த ரசீதிலும் தெரிவதில்லை. பங்க்குக்குப் போகும் நாள் சீக்கிரம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்ரோலுக்கு வரி லிட்டர் கணக்கில் போடப்படுகிறது. மத்திய அரசின் கலால் வரி, 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டிய பிறகு, பெட்ரோல் லிட்டருக்கு 21.90 ரூபாயாக இருந்தது. தமிழ்நாட்டின் வாட் வரி 13 சதவிகிதம், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் நிலையான தொகை. மைலேஜ் குறைந்து, அதே தூரத்துக்கு அதிக லிட்டர் போட்டால், அந்தக் கூடுதல் லிட்டருக்கும் சேர்த்து நாம் வரி கட்டுகிறோம்.

எத்தனால் கலந்தால் விலை குறையும் என்றார்களே?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கரும்புச்சாற்றிலிருந்தும் மொலாசஸிலிருந்தும் வருவது, கச்சா எண்ணெயைவிட மலிவாகத்தானே இருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் மலிவாகத்தான் இருந்தது. நிதி ஆயோக் அறிக்கை தயாரான 2020-21-ல் எத்தனால் விலை பெட்ரோலைவிடக் குறைவு. பிறகு நிலைமை மாறியது. சர்க்கரையைக் கடைசிச் சொட்டு வரை எடுத்த பிறகு மிஞ்சும் 'சி' மொலாசஸிலிருந்து தயாரிக்கும் எத்தனாலின் விலை, 2021-22-ல் லிட்டருக்கு 46.66 ரூபாய். 2024-25-ல் 57.97 ரூபாய். மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் அதே காலத்தில் 52.92 ரூபாயிலிருந்து 71.86 ரூபாய்க்குப் போய்விட்டது.

போக்குவரத்துச் செலவு, 5 சதவிகித ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து, எண்ணெய் நிறுவனங்கள் எத்தனால் வாங்கிய சராசரி விலை 2025 ஜூலை 31 நிலவரப்படி லிட்டருக்கு 71.32 ரூபாய் என்று பெட்ரோலியத் துறை சொல்கிறது. சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கவிலையைவிட இது அதிகம் என்பதையும் அந்தத் துறையே அப்போது ஒப்புக்கொண்டது. நாம் போடும் ஒரு லிட்டர் இ20-ல் இருக்கும் 200 மில்லி எத்தனாலின் பங்கு மட்டும் 14 ரூபாய்க்கு மேல்.

விலை ஏன் கூடியது? கரும்பு விவசாயிக்கும் சோள விவசாயிக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக எத்தனால் விலையை அரசு உயர்த்திக்கொண்டே வந்தது. கரும்பு மட்டும் போதாது என்பதால் தானியங்களுக்கும் போக வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் சர்க்கரைத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயத்தில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க அரசு தடை போட்டது. அடுத்த வருடம்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த இடைவெளியில் மக்காச்சோளம் முன்னுக்கு வந்தது. கூடவே, இந்திய உணவுக் கழகத்தின் குடோன்களில் இருக்கும் அரிசியில் 52 லட்சம் டன்னை, கிலோ 22.50 ரூபாய் விலையில் எத்தனால் ஆலைகளுக்குக் கொடுக்க அனுமதித்தார்கள்.

முட்டை விலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மக்காச்சோளம்தான் கோழித் தீவனத்தின் முக்கியப் பொருள். எத்தனால் ஆலையும் நாமக்கல் கோழிப்பண்ணையும் ஒரே சோளத்துக்குப் போட்டி போட்டால், சோளத்தின் விலை ஏறும். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024-ல் மியான்மர், உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. வரி இல்லாமல் சோளம் இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும் என்று கோழிப்பண்ணைத் துறை கேட்டது இதனால்தான்.

அதற்காக முட்டை விலை ஏறினாலே எத்தனால்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முட்டை விலைக்கு வெயில், சபரிமலை சீசன், புரட்டாசி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால், பெட்ரோல் டேங்குக்கும் சமையலறைக்கும் நடுவே இப்படியொரு பாதை திறந்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மறுபக்கம், சோளமும் கரும்பும் போடும் விவசாயிக்கு இது நல்ல செய்தி. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் பெரிய பயிர். புதுக்கோட்டையில் கரும்பு என்றால் அறந்தாங்கி பக்கம் குரும்பூர் சர்க்கரை ஆலையின் பெயர் இன்றும் பேச்சில் வரும். சர்க்கரையை மட்டும் நம்பியிருந்த காலத்தில், ஆலைகளிடமிருந்து கரும்புப் பணம் வர மாதக்கணக்கில் காத்திருந்த கதை தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் புதிதல்ல. எத்தனால் விற்ற பணம் ஆலைக்குச் சீக்கிரம் வந்தால், விவசாயிக்கும் சீக்கிரம் வரும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. தமிழ்நாடு அரசும் 2023-ல் எத்தனால் கலப்புக் கொள்கை வெளியிட்டு, 5,000 கோடி ரூபாய் முதலீட்டை ஈர்ப்பது இலக்கு என்றது.

2014-15-லிருந்து 2025 ஜூலை வரை எத்தனால் கலப்பால் 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்றும், விவசாயிகளுக்குச் சுமார் 1.25 லட்சம் கோடி ரூபாய் போயிருக்கிறது என்றும் மத்திய அரசு கணக்குக் கொடுக்கிறது. கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

நாட்டுக்கு லாபம், விவசாயிக்கு லாபம் என்றால், அதில் ஒரு துளி வண்டி ஓட்டுகிறவர் பக்கமும் வர வேண்டும் அல்லவா?

பிரேசிலில் எப்படிச் செய்கிறார்கள்?

எத்தனால் என்றாலே உதாரணமாகச் சொல்லப்படும் நாடு பிரேசில். அங்கே 2025 ஆகஸ்ட்டிலிருந்து பெட்ரோலில் 30 சதவிகிதம் எத்தனால். நம்மைவிட அதிகம். ஆனால், ஒரு வித்தியாசம். அங்கே பங்க்கில் இரண்டு விலை இருக்கும். கலப்பு பெட்ரோலுக்கு ஒன்று, முழு எத்தனாலுக்கு ஒன்று. பெரும்பாலான கார்கள் எதைப் போட்டாலும் ஓடும் 'ஃப்ளெக்ஸ்' வகை.

எதைப் போடுவது என்று முடிவெடுக்க அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. எத்தனால் விலை, பெட்ரோல் விலையில் 70 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் லாபம். அதற்கு மேலே போனால் பெட்ரோல் லாபம். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்ற நியாயம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

நம் நிதி ஆயோக் அறிக்கையும் 2021-லேயே இதைத்தான் சொன்னது. எத்தனால் அதிகம் கலந்த எரிபொருளை மக்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால், சக்தி குறைவதை ஈடுகட்டும் அளவுக்கு அதன் விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அதற்கு வரிச்சலுகை தரலாம் என்றது. அறிக்கையில் சொன்ன கலப்பு அளவு குறித்த காலத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. விலை பற்றிச் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது.

எவ்வளவு குறைத்தால் நியாயம்? 10-லிருந்து 20 சதவிகிதத்துக்கு மாறியதில் போன சக்தியை மட்டும் கணக்கிட்டால், லிட்டருக்கு மூன்று ரூபாய், மூன்றரை ரூபாய் வருகிறது. எத்தனாலின் கொள்முதல் விலையே அதிகம் என்பதால் எண்ணெய் நிறுவனங்கள் அதைக் குறைக்காது என்பது புரிகிறது. ஆனால், வரியில் குறைக்க மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்ததை நாம் பார்த்திருக்கிறோமே!

நீங்கள் என்ன செய்யலாம்?

1. உங்கள் வண்டி எந்த ரகம் என்று பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் பொதுவாக இ20-க்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன. பெட்ரோல் மூடி அருகே ஸ்டிக்கரிலோ, வண்டியோடு கொடுத்த கையேட்டிலோ விவரம் இருக்கும். கையேடு தொலைந்துவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

2. மைலேஜை நீங்களே அளந்து பாருங்கள். ஒரு பங்க்கில் டேங்க்கை ஃபுல் செய்யுங்கள். குழாய் தானாக நின்றதும் போதும், அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். கிலோமீட்டர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 200, 300 கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்யுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மொபைலில் எழுதிவைத்தால், சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் காட்டலாம்.

3. பழைய வண்டியா? ரப்பர் பாகங்களைக் கவனியுங்கள். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. வழக்கமான சர்வீஸின்போது பெட்ரோல் டியூப்பில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசம் வழக்கத்தைவிட அதிகமாக வந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

4. மழைக்காலத்தில் தண்ணீர் ஜாக்கிரதை. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, திணறும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை மழையில் நிறுத்தாதீர்கள். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனின் பைக் வீட்டில் மாதக்கணக்கில் சும்மா நிற்கிறதா? வாரம் ஒருமுறையாவது எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

5. வதந்தியை நம்பாதீர்கள். இ20 போட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று ஒரு செய்தி சுற்றியது. அது உண்மையில்லை என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அதேபோல, எத்தனாலைப் 'பிரித்தெடுக்க' பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பெட்ரோல் ஆவி பக்கத்தில் அடுப்பு, சிகரெட், சுவிட்ச் எது இருந்தாலும் ஆபத்து.

புது வண்டி வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் ஷோரூமில் விலை, கலர், இ.எம்.ஐ-யோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'இந்த வண்டி இ20-ல் எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?' விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் எந்தப் பெட்ரோலில் எடுத்தது என்றும் கேளுங்கள். நாம் தினமும் போடப்போவது இ20 என்பதால், அந்த எண்தான் நமக்குத் தேவை.

லிட்டர் விலையைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். இனி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா ஆகிறது என்று பார்க்கத் தொடங்குங்கள். மேலே சொன்ன முறையில் மூன்று முறை அளந்து, உங்கள் வண்டி எந்த வருட மாடல், முன்பு எவ்வளவு கொடுத்தது, இப்போது எவ்வளவு கொடுக்கிறது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். சம்பளக்காரர்கள், பூ வியாபாரிகள், டெலிவரி வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோருடைய கணக்கையும் சேர்த்து இதே பகுதியில் மறுபடியும் பேசுவோம்.